உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் வேலை அறையில் மின்விசிறி உண்டு, போடக்கூடாது. சன்னல் மூன்று உண்டு, திறக்கக்கூடாது. திறந்தால் முடி பறக்கும். சவுரி செய்வதற்காக மூட்டை மூட்டையாக வரும் தலைமுடியைச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்துக் கட்டுவது எங்கள் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஒரு பழைய துணியைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். மதியம் சாப்பிட அரை மணி நேரம். அதைவிட்டால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வெளிக்காற்று.

பன்னிரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் உட்காருவோம். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள் அடித்து, கூர்முனை மேலே பார்த்து நிற்கும். முடியை அதன் மேல் போட்டு இழுத்தால் சிக்குப் பிரியும். கை தவறினால் விரல் கிழியும்.

பதினொரு பேர்தான் முடி இழுப்போம். பன்னிரண்டாவது ஆள் புத்தகம் வாசிப்பார். இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு முறை ரேடியோ வாங்கி வைத்தார்களாம். முடி உள்ளே போய் மூன்றாம் மாதமே அதற்குத் தொண்டை கட்டிக்கொண்டதாம். வாசிப்பவருக்கும் அன்றைய கட்டு உண்டல்லவா, அதற்காக மற்ற பதினொரு பேரும் தங்கள் கட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி முடியை எடுத்து அவர் பக்கம் வைப்போம். சாயங்காலம் சூப்பர்வைசர் தராசில் போடும்போது அவர் கட்டும் மற்றவர்கள் கட்டுக்குக் குறையாமல் நிற்கும். சூப்பர்வைசருக்கு இது தெரியும். கதை நன்றாக இருந்தால் கை வேகமாக ஓடும் என்பதும் தெரியும். அதனால் கேட்பதில்லை.

நான் சேர்ந்த காலத்தில் வாசித்தவரை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. வயது நாற்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு. எதையும் இரண்டாம் முறை கேட்டு வாங்காத சுபாவம். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஆணி ஏறி, சீழ் வைத்து, ஆறியபோது அப்படியே விறைத்துப்போன விரல்கள். புத்தகம் பிடிக்க அந்தக் கை போதும். முடி இழுக்கப் போதாது.

அவருக்கு இடதுபக்கத்து இடம் எனக்கு வாய்த்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து தெரியும், வாய் திறந்து வாசிக்க மட்டும் வராது. வேலை பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவர் கையிலிருக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வருவேன். அவர் சொல்வதும் எழுத்தும் ஒன்றாகப் போவதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

அவர் வீட்டைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அண்ணன் வீட்டில் இருக்கிறார், கல்யாணம் ஆகவில்லை, காலையில் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொண்டு போவார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு வெயில் நாளில் எல்லோரும் மூச்சு முட்டுகிறது என்று புலம்பியபோது அவர் மட்டும், "வீட்ல இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார். சொல்லிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

ஆக, வாசிக்கிற இடம் போய்விட்டால் அவருக்கு வேலை இல்லை. மூட்டை உதறும் கொட்டகையில் போடலாம் என்றால் அதற்கு இரண்டு கையும் வேண்டும். வேலை இல்லையென்றால் வீடுதான், இருபத்து நான்கு மணி நேரமும்.

புத்தகங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையிலிருந்து வரும். அந்த முறை டீச்சரே தேர்ந்தெடுத்தார். தலையணை மாதிரி தடிமன், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரத்தக் காட்டேரிக் கதை. எந்த நாட்டிலிருந்து மொழிபெயர்த்ததோ, தெரியவில்லை. கறுப்பு அட்டையில் ஒரு கோட்டை, மேலே நிலா, வௌவால்கள். கீழே மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மரக்கதவு. அந்தக் கதவின் வெளிப்பக்கத்தில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. புத்தகம் கைமாறிப் போனபோது மற்றவர்கள் வௌவாலைப் பார்த்தார்கள். டீச்சர் கைக்குத் திரும்பி வந்ததும் அவருடைய விரல் அந்தத் தாழ்ப்பாள் மேல் போய் நின்றதை நான் பார்த்தேன்.

எல்லோருக்கும் ஒரே எதிர்பார்ப்பு. பயந்து ரொம்ப நாளாயிற்று என்றாள் வெடி. அவள் சிரித்தால் சுவர் அதிரும் என்பதால் அந்தப் பெயர்.

கதையில் ஒரு இளம்பெண் கோட்டைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிறாள். பொழுது சாய்ந்ததும் அவள் அறையை வெளியே தாழிட்டுவிடுகிறார்கள். முதல் பக்கத்தில் மழை பெய்தது. அறுபதாம் பக்கத்திலும் மழை பெய்தது. கோட்டைக்காரர் சன்னலோரம் நின்று, தனக்குச் சாவே இல்லாததை நினைத்துப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெண் கட்டிலில் சாய்ந்து அவருடைய பெருமூச்சைக் கேட்டாள். பிறகு மூடுபனி வந்தது.

"டீச்சர், இவன் எப்பத்தான் கடிப்பான்?" என்றாள் வெடி.

"வருது, பொறு."

"பத்து நாளா வருது வருதுங்கறீங்க. சன்னல் பக்கமே நிக்கறான், கன்னத்துல கைய வச்சுக்கிட்டு. எனக்கென்னமோ பல்லுவலின்னு தோணுது."

அன்றிலிருந்து கோட்டைக்காரர் எங்களுக்குப் பல்லுவலிக்காரர் ஆனார்.

வரிசையில் மூத்தவர், நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறவர், முடியை ஓங்கி இழுத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பல்லு வச்சிருக்கறவனுக்கு இத்தனை அலட்டல். என் முன்னாடி நூத்தியிருபது பல்லு நிக்குது. ஒரு நாளாவது சன்னல்கிட்ட போய்ப் பெருமூச்சு விட்டிருக்கேனா?"

"சன்னலைத்தான் திறக்க விடமாட்டாங்களே பெரியம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். பிறகு வெடி கேட்ட கேள்விக்குத்தான் அவர் சிரிக்கவில்லை.

"அது சரி, பொழுது சாஞ்சதும் அடைச்சுப் போடறாங்களே, விடிஞ்சுதானே திறக்கறாங்க? நடுவுல அவ ஒண்ணுக்குப் போகணும்னா என்ன செய்வா?"

டீச்சர் வாசிப்பை நிறுத்தி, வந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் தேடினார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே தேடினார். பிறகு நிமிர்ந்தார்.

"எழுதல. அதப் பத்தி எழுதவே இல்ல."

நல்ல அரிசி என்று சொல்லிக் கொடுத்ததை வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தவர் குரல் மாதிரி இருந்தது அது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் மட்டும் வெளியே வராமல் சுவரில் சாய்ந்து கடைசிப் பக்கங்களை வேகமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடிக்கத் திரும்பி வந்தபோது புத்தகத்தை மூடினார்.

"முடிச்சிட்டேன்."

"எப்படிக்கா முடியுது?"

"அவளும் காட்டேரி ஆயிடறா. அங்கேயே இருந்துடறா. சந்தோஷமா இருக்காளாம்." கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத எழுதினவர் ஒரு நாளும் உள்ள இருந்ததில்ல. வெளியில நடந்து போறப்போ அந்தக் கதவப் பாத்திருப்பார். பாக்கறதுக்கு அழகா இருந்திருக்கும்."

அப்போது எனக்கு அது முழுதாகப் புரியவில்லை.

பாதியில் புத்தகத்தை மாற்றவும் முடியாது. முன்னொரு காலத்தில் ஆளுக்கு ஒரு கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லிச் சண்டை வந்து, ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் அடுத்தது என்று பெரியம்மா சட்டம் போட்டிருந்தார். பல்லுவலிக்காரரோடு இன்னும் முந்நூறு பக்கம் நாங்கள் குடியிருந்தாக வேண்டும்.

நூற்றிருபதாம் பக்கத்தில் வாசிப்புக்கு நடுவே பேச்சு தொடங்கியது. பிள்ளையின் காய்ச்சல், மாமியாரின் கண்புரை, யார் வீட்டுத் தண்ணீர்க்குழாய் உடைந்தது என்று. டீச்சர் குரலைக் கொஞ்சம் உயர்த்துவார், பேச்சும் உயரும். பிடி இளைத்தது. ஒரு வியாழக்கிழமை இரண்டு பேர் பிடியே வைக்கவில்லை. "கதை வந்தா பிடி வரும்" என்றாள் வெடி. கெட்ட மனசோடு சொல்லவில்லை. அவளுக்கும் நான்கு வாய்க்குச் சோறு போட வேண்டும்.

சாயங்காலம் சூப்பர்வைசர் தராசைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், கட்டு இளைச்சுப் போச்சு? உடம்புக்கு ஏதும் இல்லையே?"

"இல்லீங்க."

"ஒரு வாரம் பாக்கறேன். அதுக்கு மேல முதலாளிக்குப் பதில் சொல்றது நான்தான்."

டீச்சர் தலையாட்டிவிட்டு, ஸ்கூட்டர் வரும் வரை வாசற்படியில் நின்றார். எப்போதும் உட்காருகிறவர் அன்றைக்கு நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் நூற்று நாற்பத்தேழாம் பக்கம். வழக்கம்போல ஓரக்கண்ணால் எழுத்தின் மேல் போனேன். 'மூடுபனி கோட்டையின் கோபுரங்களைத் தழுவியது' என்று இருந்தது. டீச்சர் வாசித்தார்: "தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தை வைத்தே யார் அடைத்துவிட்டுப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்."

நான் வரி தவறிவிட்டேனோ என்று மேலும் கீழும் தேடினேன். பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

அவர் நிறுத்தவில்லை. கோட்டைக்காரரின் தங்கை அடைத்தால் தாழ்ப்பாள் மெதுவாக, ஏதோ உறங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் நடப்பது போல் விழும். அவருடைய அம்மா அடைத்தால் ஒரே தள்ளு. கோபமாக இருந்தால் தள்ளிவிட்டு, சரியாக விழுந்ததா என்று ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிக்கமாட்டாள். தாகமாக இருந்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். அந்த அறை முன்பு சாமான் போட்டு வைத்த அறை, அதனால் அதற்குச் சன்னல் கிடையாது. விளக்கின் சுவிட்ச் வெளியில் இருந்தது. உள்ளே இருப்பவர் எப்போது படித்து முடிக்க வேண்டும் என்பதை வெளியே இருப்பவர் முடிவு செய்தார்.

"கோட்டையில கரண்ட் இருக்கா?" என்றாள் வெடி.

டீச்சர் ஒரு கணம் திகைத்தார். காது மடல் சிவந்தது.

"இப்பத்தான் இழுத்தாங்க" என்றார்.

"ஓ. சரி, மேல படிங்க."

ஆணிகளுக்கிடையே முடி போகும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று சாயங்காலம் வெடி இரண்டு பிடி வைத்தாள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் அந்தப் பெண் அறையைவிட்டு நகரவில்லை. ஆனால் அந்த அறை நிறைந்துபோயிற்று. கட்டிலின் எந்தப் பலகை முனகும், எந்த மூலையில் நின்றால் அடுப்படிப் பேச்சு கேட்கும், காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்று திரும்பிப் போகும்போது நெஞ்சில் எந்த இடம் வலிக்கும் என்றெல்லாம் வந்தது. இத்தனைக்கும் யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது. தலைவலி என்றால் மாத்திரை வந்தது. கதவைத் தட்டாமல் வந்தது. பல்லுவலிக்காரர் ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. வெடி மூக்கு சிவந்துபோய், முடித் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசரின் ஒரு வாரம் போன இடம் தெரியவில்லை.

நான் மட்டும் கலங்கிப்போயிருந்தேன். கதை பிடித்திருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் வேறு எழுத்து இருக்க வாய் வேறு சொல்வதைப் பார்க்கும்போதெல்லாம், இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று வரிசையை ஒரு முறை பார்த்துக்கொள்வேன். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பெரியம்மா கேட்டால்? ஏமாற்றிப் பிடி வாங்கினார் என்று யாராவது சொன்னால்? அந்தப் பக்கத்தின் மூலை அவருடைய வியர்வையில் கறுத்துக்கொண்டே வந்தது.

பிறகு ஒரு புதன்கிழமை டீச்சர் வரவில்லை. அண்ணன் வந்து, காய்ச்சல் என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார். கோட்டைக்காரர் அவள் கதவை நோக்கி வரும் காலடிச் சத்தத்தில் கதை நின்றிருந்தது. வாசிப்பவர் வராத நாளில் இடதுபக்கத்து ஆள் வாசிக்க வேண்டும், அதுதான் முறை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தொண்டை வலி என்று சொன்னேன். அன்றைக்குக் கதை இல்லை. நாள் நீண்டுகொண்டே போயிற்று. கதவிடுக்கில் துணி வைத்திருப்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் அடிக்கடி பட்டது.

"டீச்சர் வீடு உன் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தானே? போய்ப் பாத்துட்டு வா. அப்படியே நாளைக்கு உன் தொண்டையையும் கூட்டிட்டு வா" என்றார் பெரியம்மா.

ஆறு மணிக்கு முன்பே போய்விட்டேன். அண்ணி கதவைத் திறந்தார். நல்ல மாதிரியான பெண்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், "காய்ச்சல் விட்டிருக்கு, உள்ள படுத்திருக்கா" என்று கூடத்தைத் தாண்டி அழைத்துக்கொண்டு போனார். அடுப்படிக்குப் பக்கத்தில் ஒரு கதவு. அதற்கு வெளியே சுவரில் சுவிட்ச். அதற்குப் பக்கத்தில், ஓடி ஓடிப் பளபளத்துப்போன ஒரு தாழ்ப்பாள். அண்ணி அதை இழுத்து, விளக்கைப் போட்டார். தட்டவில்லை.

இந்த அறைக்குள் நான் பதினைந்து நாளாக இருந்திருக்கிறேன்.

டீச்சர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அண்ணி அடுப்படிக்குப் போனதும் என் கையைப் பிடித்தார். கை இன்னும் சுட்டது.

"நாளைக்கு நீதான் வாசிக்கணும்."

"எனக்கு வராதுக்கா."

"வரும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. புத்தகத்துல இருக்கறத வாசிச்சிடாத."

"அப்ப எதக்கா வாசிக்கறது?"

"நீ பாத்துட்டுத்தானே இருந்த, இத்தனை நாளா? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இருபத்திரண்டு வயசுல ஒரு தடவ கிளம்பிப் போனேன். வெளியூர்ல சின்னப் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர்ற வேலை. நாலாவது நாள் அண்ணன் வந்து கூட்டிட்டு வந்துட்டார். அடிக்கல, திட்டல. ஒரு தாழ்ப்பாள் மட்டும் வாங்கிட்டு வந்து மாட்டினார். இப்ப எதுக்குன்னு அவருக்கே மறந்திருக்கும். அடுப்ப அணைக்கற மாதிரி, பால மூடி வைக்கற மாதிரி, இதையும் போட்டுட்டுப் போறாங்க."

"கேட்டதில்லையாக்கா?"

"மொதல்ல கேட்டேன். காத்துல கதவு அடிச்சுக்குதுன்னாங்க."

காற்று வர அந்த அறையில் வழியே இல்லை.

நான் வெளியே வந்ததும் அண்ணி அடுப்படியிலிருந்து வந்தார். "தூங்கட்டும், பாவம்" என்று விளக்கை அணைத்து, தாழ்ப்பாளை மெதுவாகத் தள்ளினார். தள்ளும்போது என்னிடம் பேசிக்கொண்டேதான் இருந்தார், எங்கள் தெருவில் வாடகை எவ்வளவு என்று. அந்தச் சத்தம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம். கோட்டைக்காரரின் தங்கை.

மறுநாள் புத்தகத்தை மடியில் வைத்து நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். மூடுபனி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாடி. காட்டேரிக்கே கேக்காது போல" என்றாள் வெடி.

"காலடிச் சத்தம் கதவருகே வந்து நின்றது" என்று தொடங்கினேன். "அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்." அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. பக்கத்தை வெறித்தேன். வியர்வை கழுத்தில் இறங்கியது. ஒட்டியிருந்த முடியும் அதோடு இறங்கியது. இரண்டு வரி சொன்னேன். நிறுத்தினேன். மறுபடி இரண்டு வரி.

"பக்கத்தத் திருப்பு" என்றாள் வெடி, தலையை நிமிர்த்தாமல்.

"என்ன?"

"பக்கத்தத் திருப்புடி. டீச்சரும் இதையேதான் மறந்துடறாங்க. பதினஞ்சு நாளா ஒரே பக்கம். திருப்பற சத்தம் கேட்டாத்தான் கதை கேக்கற மாதிரி இருக்கு."

வரிசையைப் பார்த்தேன். யாரும் நிமிரவில்லை. பெரியம்மா ஆணியில் சிக்கிய ஒற்றை முடியை மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரியும். என்றைக்கோ தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பிடி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்தைத் திருப்பினேன். பிறகு கொஞ்சம் குரல் வந்தது.

ஆனால் அவளை வெளியே கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஓடினாள் என்று சொன்னால் முடிந்தது. ஓடி எங்கே போவாள்? வெளியே நாலு நாளுக்கு மேல் நான் அவளை வைத்துக் காப்பாற்றுவேனா? யோசித்து யோசித்து, நேற்றுப் பார்த்த கதவின் உள்பக்கம் நினைவுக்கு வந்தது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் பலகை. அந்த வெறுமையைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"அறையின் மூலையில் கிடந்த பழைய பெட்டியைக் கிளறியபோது அவளுக்கு ஒரு தாழ்ப்பாள் அகப்பட்டது. துருப்பிடித்தது. நான்கு ஆணிகள். அவள் அதைக் கதவின் உள்பக்கத்தில் வைத்து, இடி இடிக்கும்போதெல்லாம் செருப்புக் குதியால் ஒவ்வொரு ஆணியாக அடித்தாள்." அந்தப் புத்தகத்தில் பெய்த மழை அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு ஆனது. "பிறகு தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தாள்."

"கெட்டது போ" என்றாள் வெடி. "வெளிய அவன் பூட்டியிருக்கான், உள்ள இவளும் பூட்டிக்கிட்டாளா? இதுக்கா இவ்வளவு மெனக்கெட்டா? ஏண்டி, உன்ன நம்பிப் புத்தகத்தக் குடுத்தோமே."

மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பெரியம்மாவின் கை மட்டும் பலகை மேல் நின்றுவிட்டது.

"இல்லடி" என்றார். "இனிமே அவன் தள்ளிக்கிட்டு வர முடியாது பாரு. நின்னு கேக்கணும்."

சிரிப்பு அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து முடி இழுக்கும் சத்தம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது.

டீச்சர் சனிக்கிழமை வந்தார். கதை எங்கே நிற்கிறது என்று வெடியே நடித்துக் காட்டினாள், செருப்பைக் கழற்றி ஆணி அடிப்பது உட்பட. டீச்சர் கேட்டுக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து, "மறுநாள் கோட்டைக்காரர் கதவைத் தள்ளினார்" என்றார். நிறுத்தினார். "தள்ளினார்" என்று மறுபடியும் சொன்னார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

பிறகு பக்கத்தில் என்ன இருந்ததோ அதையே வாசித்தார். மூடுபனி, பெருமூச்சு, வாடிய ரோஜா. யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சாயங்காலம் பதினொரு பிடியும் வந்தது, வெடியிடமிருந்து உட்பட.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "இரும்புக் கடைப் பக்கம் போவியா?"

"போவேன்க்கா."

"ஒரு தாழ்ப்பாள் வேணும். சின்னது போதும். ஆணி வேண்டாம், சத்தம் கேக்கும். திருகாணி வச்சது."

வாங்கிக்கொண்டு போனேன். ஸ்க்ரூ டிரைவரை வெடி கொண்டுவந்தாள். யார் அவளிடம் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை. "என் வீட்டுக்காரருது. தேட மாட்டார். அதால அவர் ஒரு வேலையும் செஞ்சதில்ல" என்று டீச்சர் பைக்குள் போட்டாள். பெரியம்மா தாழ்ப்பாளை வாங்கி இரண்டு முறை தள்ளி இழுத்துப் பார்த்து, உருட்டிச் சேர்த்த முடியால் எண்ணெய் தொட்டுத் தடவிக் கொடுத்தார்.

டீச்சருக்கு வலது கை திருகாது. இடது கையால் ஒரு நாளைக்கு ஒரு திருகாணி. நான்கு நாளும் நாங்கள் யாரும் கேட்கவில்லை. காலையில் வந்து உட்காரும்போது அவருடைய இடது உள்ளங்கையைப் பார்ப்பேன். முதல் நாள் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் கொப்புளம் வந்திருந்தது.

திங்கட்கிழமை அவர் வந்ததும் கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகினார்கள். அவர் புத்தகத்தை எடுத்தார், திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் முடியை ஆணியில் போட்டும் இழுக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

"வெளிய இருக்கறத அவங்க வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போட்டாங்க" என்றார். "அது அப்படியேதான் இருக்கு. நான் உள்ள இருக்கறதப் போட்டேன்."

"காலையில?" என்றாள் வெடி.

"அண்ணி வெளித்தாழ்ப்பாள இழுத்துட்டுத் தள்ளினாங்க. திறக்கல. ஆட்டிப் பாத்தாங்க. அப்புறம் சத்தமே இல்ல. அவங்க அங்க நிக்கறது எனக்குத் தெரியுது, வளையல் சத்தம் கேக்குது. போய் அண்ணனக் கூட்டிட்டு வருவாங்கன்னு நெனச்சேன்."

"வந்தாரா?"

"இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுத் தட்டினாங்க."

"எத்தனை தடவ?" என்றார் பெரியம்மா.

"ரெண்டு."

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள் வெடி.

டீச்சர் மடங்காத விரல்களால், அன்று நான் திருப்பிய நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தைத் தேடி எடுத்து நீவிவிட்டார்.

"யாருன்னு கேட்டேன்" என்றார்.